பதினைந்தாவது முறை திறந்த கதவு

இந்த மன்றத்துக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எல்லை மீறினால் அடிப்பதற்கென்று கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணியையும் வைத்துக்கொண்டு, புன்னகை பூத்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல நினைத்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லி முடித்துவிட்ட அறிஞர் பெருமக்களே! ஏற்றிய சுமைக்கும் இறக்கிய சுமைக்கும் இடையில் தலை நரைத்த மூத்த தோழர்களே! சக்கரம் தேய்ந்தாலும் சொன்ன சொல் தேயாத ஓட்டுநர் உடன்பிறப்புகளே! பெட்டி கட்டும் பிரிவிலிருந்து, விரலில் ஒட்டிய டேப்பைக்கூடப் பிய்த்துப் போடாமல் ஓடி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், பேச்சு பிடிக்காவிட்டால் நழுவுவதற்குத் தோதாக இடம் பிடித்திருக்கும் என் அருமைத் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் ஒரு மருந்துக் குடோன்காரனின் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘சரக்குச் சங்கிலியைத் தாங்கும் தகவல் தொழில்நுட்பம்’. அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே இதைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் தலை கனத்தது. பெருமையாக வீட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். என் மனைவி கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “வீட்டுல உப்பு தீர்ந்து மூணு நாளாச்சு. அது தெரியாத மனுஷன் ஊருக்குச் சப்ளை செயின் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?”

முன்வரிசையில் கைதட்டல் பலமாக இருக்கிறது. தட்டுங்கள் தாய்மார்களே, தட்டுங்கள். உங்கள் கைதட்டலில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் சரக்குச் சங்கிலி என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். என்ன இருக்கிறது? எங்கே இருக்கிறது? எப்போது தீரும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தவள் குடும்பத்தை நடத்துகிறாள். இதே மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்தவன் குடோனை நடத்துகிறான். வித்தியாசம் எங்கே வருகிறது? உங்கள் அலமாரியில் இருபது டப்பா. என் குடோனில் நாலு லட்சம் பெட்டி. நாலு லட்சத்தை ஒரு மண்டைக்குள் வைக்க முடியுமா? முடியும் என்று நினைத்துக்கொண்டு இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

எங்கள் குடோனுக்குக் கணினி வந்தபோது அதிகம் முகம் சுளித்தவன் நான்தான். நாற்பது கிலோ பெட்டியைத் தோளில் தூக்கி ஏணி ஏறியவன். கையடக்க ஸ்கேனர் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். எடை கால் கிலோ இருக்காது. அதைத் தூக்கத்தான் எனக்கு மனசு வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு சதுரம். ஸ்கேனரை நீட்டினால் ‘பீப்’ என்கிறது. “பெட்டியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், இது யாருக்கு பீப் போட்டுக் காட்டுது” என்று கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு ‘பீப் அண்ணன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தார். எங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தங்கச்சி. மேலே கண்ணாடி அறையில் அவருக்கு நாற்காலி இருந்தது. ஆனால் அவர் எப்போதும் எங்களோடு கீழே, பெட்டிகளுக்கு நடுவேதான் நிற்பார். நான் சலித்துக்கொண்ட ஒருநாள், ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். “அண்ணே, இந்தக் கோட்டுக்குள்ள மருந்தோட பேர் மட்டும் இல்ல. இந்தப் பெட்டியோட பேர் இருக்கு. இதே மருந்துல லட்சம் பெட்டி இருந்தாலும் இந்த நம்பர் இது ஒண்ணுக்குத்தான்.” என்றைக்குப் பிறந்தது, எந்தத் தொழிற்சாலையில், எந்த இயந்திரத்தில், எந்த லாரியில் வந்தது, எந்த அடுக்கில் உட்கார்ந்தது, எல்லாவற்றையும் திரையில் காட்டினார்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! மனிதனுக்குப் பெயர் உண்டு, கேட்டிருக்கிறோம். மாட்டுக்குப் பெயர் உண்டு, நாய்க்குப் பெயர் உண்டு. அட்டைப் பெட்டிக்குப் பெயர் வைத்து, அது போன இடமெல்லாம் குறித்து வைத்து, எப்போது கூப்பிட்டாலும் ‘இதோ இருக்கிறேன்’ என்று பதில் சொல்ல வைத்த ஒரு காலத்தில் நாம் வாழ்கிறோமே, இது சாதாரணமா? எனக்கு அன்றைக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது. சிலிர்த்ததை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. “ம், பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். தலைவர் மணியைத் தொட வேண்டாம், இது பேச்சோடு சேர்ந்ததுதான்.

பத்துப் பெட்டி ஒரே மருந்து. பத்தும் அச்சில் வார்த்தது போல ஒன்றே. வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. பத்துப் பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, கோடு இருக்கும் பக்கத்தைத் தேடி, பத்து முறை ஸ்கேன் செய்ய வேண்டும். நாம் என்ன செய்வோம்? மேலே இருக்கும் ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஒரே கோட்டின் மேல் பீப், பீப், பீப் என்று பத்து முறை அழுத்துவோம். எண்ணிக்கை பத்து. வேலை முடிந்தது. வண்டி போகலாம்.

சிரிக்கிறீர்கள். நடுவரிசையில் அதிகம் சிரிக்கிறீர்கள். சிரிக்கிற அத்தனை பேரும் செய்தவர்கள் என்று எனக்குத் தெரியும். ஐயா, அந்த நீலச் சட்டை, நீங்கள் சிரிக்காமல் குனிந்துகொண்டீர்களே, நீங்கள் இன்றைக்குக் காலையில்கூடச் செய்திருப்பீர்கள்.

இதைத் தடுக்கத் தங்கச்சி ஒரு வழி வைத்திருந்தார். ஒரே பெட்டியை இரண்டாம் முறை ஸ்கேன் செய்தால் கருவி ‘கீச்’ என்று கத்தும். மேலே எதையும் ஏற்காது. எங்களுக்கு அது தொல்லை. வேலை ஓடவில்லை, காது வலிக்கிறது, வண்டி தாமதமாகிறது என்று பதினேழு பேர் மனு எழுதிக் கொடுத்தோம். முதல் கையெழுத்து யாருடையது? உங்கள் பீப் அண்ணனுடையது. மேலிடம் சரி என்றது. தங்கச்சி அந்தக் கீச்சொலியை நிறுத்தி வைத்தார். அன்று மாலை நாங்கள் ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு டீ அதிகம் குடித்தோம்.

மூன்று மாதம் எல்லாம் சரியாகவே நடந்தது. எண்ணிக்கை தப்பவில்லை. அடுக்கில் இருக்க வேண்டியது இருந்தது, போக வேண்டியது போனது. ‘பார்த்தியா, குடி முழுகிடுச்சா’ என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை. பிற்பகல் இரண்டு இருபது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறேன். திரை சிவப்பாகிறது. மருந்துத் தொழிற்சாலையிலிருந்து செய்தி. குழந்தைகளுக்கு வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் ஒரு மருந்து, தண்ணீர் போல இருக்கும், ஸ்பூனில் ஊற்றிக் கொடுப்பது. அதில் ஒரு தொகுதியில், அதாவது ஒரே தடவையில் தயாரித்த ஒரு பேட்சில், தவறு நடந்துவிட்டது. பெரியவர்களுக்கான வீரியத்தில் கலந்த மருந்து, குழந்தைகள் லேபிள் ஒட்டிய பாட்டிலில் நிரம்பிவிட்டது. ஒரு ஸ்பூன் கொடுத்தால் நாலு ஸ்பூன் கொடுத்ததற்குச் சமம். ஒரு சின்ன உடம்பு அதைத் தாங்காது. பேச்சு மூச்சில்லாமல் போய்விடும்.

அந்தத் தொகுதியில் எங்களுக்கு வந்தவை அறுபது பெட்டி.

தோழர்களே, பழைய காலமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ரசீதுக் கட்டுகளை அவிழ்த்து, விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டியிருப்போம். அறுபதையும் கண்டுபிடிக்க ஆறு நாள் ஆகும். ஆறு நாளில் எத்தனை ஸ்பூன்?

தங்கச்சி தொகுதி எண்ணைத் தட்டினார். நான் கையைக்கூடத் துடைக்கவில்லை. அதற்குள் திரையில் ஊர் விரிந்தது. தெருக்கள் விரிந்தன. தெருவில் புள்ளிகள் பூத்தன. பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு, ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் எட்டு, வண்டியில் ஓடிக்கொண்டிருப்பவை ஆறு, எந்த வண்டி, எந்தச் சாலை, எந்த வேகம்! ஐம்பத்தோரு பெட்டிக்கு இடம் சொல்லி முடித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அந்த நிமிடம் பாட்டிலை ஸ்கேன் செய்திருக்கிறார். கொடுக்காதே என்று அங்கேயும் திரை சிவந்திருக்கிறது. அவர் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டார். ஐயா, எங்கள் குடோனில் நாங்கள் நினைத்தது, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தியது. நான் கும்பிடத் தெரிந்தவன்தான், ஆனால் ஒரு திரையைப் பார்த்துக் கை கூப்பியது அன்றைக்குத்தான்.

மீதி ஒன்பது? அதற்கும் திரை பதில் வைத்திருந்தது. ‘இருப்பு: இங்கேயே. மூன்றாம் வரிசை, இரண்டாம் அடுக்கு.’ எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாம் வரிசை. இரண்டாம் அடுக்கு. தூசி இருந்தது. பெட்டி இல்லை.

அந்தத் தூசியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. மழை. ஏழாம் எண் வண்டி. நான் ஒரு பெட்டியைக் கையில் பிடித்து, பீப், பீப், பீப். ஒரு பெட்டி பத்து முறை போனதாக எழுதப்பட்டது. உண்மையில் போன மற்ற ஒன்பதும் போகவே இல்லை என்று இந்த இயந்திரம் நம்பிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நான் சொன்ன பொய்யை அது ஒரு வாரமாக எனக்காகக் காப்பாற்றி வைத்திருந்தது.

சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அந்த நொடியே வாய் திறந்திருக்க வேண்டும் அல்லவா? திறக்கவில்லை. சபையில் சொல்கிறேன், பதினொரு நிமிடம் நான் பேசவில்லை. ஆட்கள் மற்ற அடுக்குகளில் தேடினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன். இல்லாத பெட்டியை, இல்லை என்று தெரிந்தே, டார்ச் அடித்துத் தேடினேன். இருபத்தாறு வருடப் பெயர். மனுவில் முதல் கையெழுத்து. பதினேழு பேருடைய முகம். எல்லாம் முன்னால் வந்து நின்றது. எங்கோ ஒரு குழந்தைக்கு ஸ்பூன் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை.

அப்போது தங்கச்சி கீழே உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்துக்கொண்டு, தன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். தன் புரோகிராமில்தான் ஏதோ பிழை, பெட்டி இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுகிறது, தவறு தன்னுடையதுதான் என்று சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன்.

போய் எதிரில் நின்றேன். “போனை வைம்மா. உன் புரோகிராம் தப்பு பண்ணல. நான்தான் பண்ணேன். ஒரே பெட்டிய பத்து தடவ அடிச்சு வண்டிய அனுப்பிட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னிக்குண்ணே? எந்த வண்டி?” என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். தட்டினார். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பன்னிரண்டு, ஒரே பெட்டி, பதினான்கு நொடியில் பத்து முறை. என் சோம்பேறித்தனத்துக்கு நொடிக் கணக்கு வைத்திருக்கிறது! எந்தக் கையால் அழுத்தினேன் என்பது ஒன்றுதான் அதில் இல்லை.

வண்டி தெரிந்துவிட்டது, அதன் வழி தெரிந்துவிட்டது. சின்ன கிளினிக்குகள், மருந்துக் கடைகள் என்று பதினான்கு நிறுத்தம். இவர்களிடம் ஸ்கேனர் கிடையாது. எத்தனை பெட்டி வாங்கினோம் என்று ஓட்டுநரின் போனில் விரலால் கையெழுத்துப் போடுவார்கள். பதினான்கில் ஒன்பது இடம் இந்த மருந்தை வாங்கியிருந்தன. எட்டு இடத்துக்கு ஒவ்வொரு பெட்டி, பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள மருந்துக் கடைக்கு மட்டும் இரண்டு. ஆளுக்கு ஒரு போனை எடுத்துக்கொண்டோம். இரண்டு இடத்தில் பெட்டியைப் பிரித்திருந்தார்கள், இன்னும் யாருக்கும் விற்கவில்லை. ஒவ்வொருவரும் பாட்டிலைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்கள். நாங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் அடித்துக்கொண்டே வந்தோம். மணி மூன்று இருபது.

ஒன்பதாவது கடை. பஸ் நிலையத்துக்கு அருகில் இருப்பது. “ஒரு பெட்டிதான் சார் இருக்கு” என்றார் கடைக்காரப் பெண். இரண்டுக்குக் கையெழுத்து இருக்கிறதே என்றோம். அன்றைக்கு அவர் விடுப்பாம், பதிலாக வந்தவர் ஊருக்குப் போய்விட்டாராம். சரி, ஓட்டுநரைக் கேட்கலாம் என்றால், அவர் போன் அணைந்து கிடக்கிறது. அவர் வீட்டில் கேட்டால், கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருக்கிறார் என்கிறார்கள். எந்தப் பல் டாக்டர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

பத்தில் ஒன்பது கிடைத்துவிட்டது. ஒரு பெட்டி. ஒரே ஒரு பெட்டி. அதில் பன்னிரண்டு பாட்டில். அறுபதில் ஐம்பத்தொன்பது கிடைத்தது பெரிய சாதனை என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேன். அந்த ஒரு பெட்டி இருக்கும் வீட்டுக்கு மற்ற ஐம்பத்தொன்பதால் என்ன லாபம்?

தாய்மார்களே, இனிமேல் நான் சொல்வதைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். இதற்காகத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஏழாம் எண் வண்டி குளிர் வண்டி. தடுப்பூசியும் ஏற்றும் வண்டி. அதன் உள்ளே, கூரையோரம், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி ஒட்டியிருக்கும். உள்ளே எத்தனை டிகிரி என்று நிமிடத்துக்கு ஒரு முறை எழுதி வைப்பதுதான் அதன் வேலை. வேறு ஒன்றும் தெரியாது அதற்கு. பெட்டி தெரியாது, பாதை தெரியாது, மருந்து தெரியாது. சூடு, குளிர், அவ்வளவுதான். தங்கச்சி அந்தச் செவ்வாய்க்கிழமைக் கோட்டை எடுத்துத் திரையில் போட்டார். குளிர்ந்த கோடு நேராகப் போகிறது. நடுநடுவே சின்னச் சின்ன மேடு. வண்டி நின்று, பின்கதவைத் திறந்தால், வெளிக்காற்று உள்ளே போகும், ஒரு மேடு. மூடினால் இறங்கிவிடும்.

அவர் மேடுகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். என்னை எண்ணச் சொன்னார். நிறுத்தம் பதினான்கு. மேடு பதினைந்து.

“அண்ணே, கதவு ஒரு தடவ கூடுதலா திறந்திருக்கு.”

எனக்குப் புல்லரித்தது. இப்போது சொல்லும்போதும் புல்லரிக்கிறது, பாருங்கள் கையை. யாரும் அதனிடம் கேட்கவில்லை. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. மனிதன் எழுத மறந்ததை, மனிதன் சொல்ல மறந்ததை, ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு கதவிடுக்கில் நுழைந்த ஒரு மூச்சுக் காற்று எழுதி வைத்திருக்கிறது!

பதினொன்று முப்பத்தெட்டு. அந்த நேரத்தில் வண்டி எங்கே நின்றது என்பதை வண்டியிலிருந்த ஜி.பி.எஸ். சொன்னது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், பட்டியலில் இல்லாத ஒரு தெரு, ஆறு நிமிடம். வரைபடத்தைப் பெரிதாக்கினார். ஒரு பள்ளிக்கூடம். உடம்பாலும் மூளையாலும் சிரமப்படும் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிக்கூடம். அங்கே பதினொரு குழந்தைகள் இந்த மருந்தைக் குடிக்கிறார்கள்.

பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. அந்த மருந்துக் கடையில் வாங்கித்தான் பள்ளியில் கொடுப்பார்கள். அன்றைக்கு மழை. மாற்றாளாக வந்தவர், ‘இரண்டுக்கும் நான் கையெழுத்துப் போடறேன், போற வழிதானே, ஒண்ண அங்க குடுத்துடுங்க’ என்று கேட்டிருக்கிறார். நம் ஓட்டுநர் நல்ல மனுஷன். நனைந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எந்தப் பதிவிலும் ஏறாத ஒரு நல்ல காரியம். என் தவறோடு அவருடைய நல்ல குணம் கைகோத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை உலகத்தின் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டது.

மணி மூன்று ஐம்பத்து மூன்று. பள்ளிக்குப் போன் போட்டேன். நான்தான் போட்டேன். யாரிடமும் கொடுக்கவில்லை. மணி அடிக்கிறது. அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவர் எடுத்தார். நர்ஸ் அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றேன். மருந்து கொடுக்கிற நேரம், அப்புறம் பேசச் சொல்கிறார் என்றது அந்தக் குரல்.

“ஓடிப்போய் அவங்க கையைப் பிடிங்க. குடுக்க வேணாம்னு சொல்லுங்க.”

போனைக் கீழே வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் அந்தக் கணினியைக் கேட்டால் தெரியும். நான் கேட்கவில்லை.

நர்ஸ் அம்மா வந்தார். மூச்சு வாங்கினார். பழைய பாட்டில் நேற்றோடு தீர்ந்ததாம். புதுப் பெட்டியை அப்போதுதான் பிரித்தாராம். ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஊற்றியாகிவிட்டதாம். “முதல் பொண்ணு வாயத் தொறந்துட்டா. இன்னும் குடுக்கல.”

குடோனில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு மூட்டைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அந்த இடத்திலேயே, ஒரு பெட்டி மேல், உட்கார்ந்துவிட்டேன். பெட்டி மேல் உட்காரக் கூடாது என்று இருபத்தாறு வருடமாக எல்லோரையும் திட்டியவன்.

கதை முடியவில்லை. கெட்ட மருந்தை நிறுத்தினால் போதுமா? நல்ல மருந்து போக வேண்டாமா? அந்தக் குழந்தைகளுக்கு ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. தங்கச்சி திரையைக் கேட்டார்: நல்ல தொகுதி, பள்ளிக்கு மிக அருகில், எங்கே இருக்கிறது? மூன்று கிலோமீட்டரில் ஒரு கடையில் நாலு பாட்டில். அந்தப் பக்கம் இப்போது யார் வண்டி? நான்காம் எண், இரண்டு தெரு தள்ளி, சோப்புப் பெட்டி இறக்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் சோப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் கொண்டு போவது. ஒரு டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. நாலு மணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்து நாலு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு தாமதம் பரவாயில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பதினொரு குழந்தைகளும் குடித்தார்கள்.

தோழர்களே! தகவல் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டார்கள். அது ஒரு பேரதிசயம், சந்தேகமில்லை. கண்ணுக்கு எட்டாததைப் பார்க்கும். காதுக்கு எட்டாததைக் கேட்கும். நாலு லட்சம் பெட்டியையும் பெயர் சொல்லி அழைக்கும். ஆனால் அந்தப் பேரதிசயம் எதன் மேல் நிற்கிறது? ஒரு மனிதன், ஒரு பெட்டியை, ஒரு முறை திருப்பி, அதன் கோட்டைத் தேடி, நேர்மையாக அழுத்தும் ஒரு பீப் மேல் நிற்கிறது. உங்கள் விரல் மேல் நிற்கிறது அம்மா! உங்கள் விரல் மேல் நிற்கிறது ஐயா! விரல் பொய் சொன்னால் திரையும் பொய் சொல்லும், அதுவும் கூசாமல் சொல்லும். மறுநாள் காலை அதே பதினேழு பேரும் இன்னொரு மனு எழுதினோம்: கீச்சொலியைத் திரும்பக் கொடுங்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் இரண்டே நிமிடம், தலைவரே.

அன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் கணினிக்கு ஒரு புகார் வந்தது. அனுப்பியவர், அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் குழந்தையின் தாய். பாட்டிலில் இருந்த தவறு பற்றிப் பெற்றோர் எல்லோருக்கும் பள்ளியிலிருந்து கடிதம் போனது மறுநாள்தான். அன்றைக்கு மருந்து தாமதம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாய்க்கு வந்ததே கோபம்! மருந்து நாற்பது நிமிடம் தாமதம். வேலையில் பாதியில் அனுமதி கேட்டு வந்திருந்தாராம். வாசலில் வெயிலில் நின்றாராம். மகள் வாயைத் திறந்து காட்டிக்கொண்டே இருந்தாளாம், மருந்துதான் வரவில்லையாம். நாலே கால் பஸ் போய்விட்டதாம், அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். உங்களுக்கெல்லாம் குழந்தை குட்டி இருக்கிறதா இல்லையா, கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா, இதற்கு யார் காரணமோ அவர் பெயர் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார்.

மேலதிகாரி அந்தப் புகாரை விளக்கம் எழுதி முடித்துவிடலாம் என்றார். வேண்டாம் ஐயா, என் பெயரில் போடுங்கள் என்றேன். இருபத்தாறு வருடத்தில் என் கோப்பில் இருக்கும் ஒரே புகார் அதுதான். காரணம் யார் என்று கேட்டாரே, என் பெயரையும் நான் செய்ததையும் முழுதாக எழுதிப் பதில் அனுப்பினேன். எல்லாம் தெரிந்த பிறகும் அந்த அம்மா புகாரைத் திரும்பப் பெறவில்லை. பெறவும் கூடாது. ஒரு தாய்க்கு அந்தக் கோபம் நியாயம்.

அந்தத் தாளை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறையும். அந்தப் புதன்கிழமை, அந்தத் தெருவில், அந்தக் குழந்தைக்கு என்ன நடந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. ஒரு தாயும் மகளும் நாலே கால் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மணி அடிக்காத தலைவருக்கும், நழுவாமல் இருந்த கடைசி வரிசைத் தம்பிகளுக்கும் என் நன்றி. நாளைக் காலை வேலைக்குப் போகும் ஒவ்வொரு விரலுக்கும் என் வணக்கம்.